ஒரு பங்கு ஒரு லட்சம்... கையில் 500 ரூபாய்தான் இருக்கா? சிறுதொகையில் பங்கு வாங்கினால் உண்மையில் எவ்வளவு செலவாகும்?

பேச்சிப்பாறை, குலசேகரம் சுற்றுவட்டாரத்தில் விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள் பால்வெட்டும் தொழிலாளர்கள். சிரட்டையில் சொட்டும் அந்தப் பால், ஷீட்டாகி, லாரி ஏறி, கடைசியில் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் ஒரு டயர் ஆலை. இந்தியாவில் பயன்படும் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி டயர் தொழிலுக்குத்தான் போகிறது.

அந்த டயர் கம்பெனிகளில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் சென்னையின் எம்ஆர்எஃப். 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சின்ன இடமாகத் தொடங்கிய கம்பெனி அது. 2023 ஜூன் 13 அன்று அதன் ஒரே ஒரு பங்கின் விலை 1 லட்சம் ரூபாயைத் தொட்டது. இந்தியப் பங்குச்சந்தையில் அதற்கு முன் எந்தப் பங்கும் அந்த விலைக்குப் போனதில்லை. 2024 ஜனவரியில் அதே பங்கு ஒன்றரை லட்சத்தையும் தாண்டியது.

தினக்கூலியில் மிச்சம் பிடித்து மாதம் 500 ரூபாய் எடுத்துவைக்கிற ஒருவருக்கு இந்தக் கதவு மூடியே கிடக்கிறதா? இல்லை. ஆனால் புதிதாக வருகிறவர்கள் பார்க்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தைப் பார்க்கிறார்கள். எல்லோரும் பார்ப்பது பங்கின் விலையை. சின்னத் தொகையைக் கடித்துத் தின்பதோ, வாங்கும்போதும் விற்கும்போதும் பிடிக்கிற கட்டணம்.

விலை குறைவான பங்கு என்றால் மலிவான பங்கா?

இந்தக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம்.

எம்ஆர்எஃப் கம்பெனி மொத்தம் சுமார் 42 லட்சத்து 41 ஆயிரம் பங்குகளாகத்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதே டயர் தொழிலில், ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் அப்போலோ டயர்ஸ் சுமார் 63.5 கோடி பங்குகளாகப் பிரிந்திருக்கிறது. 2025-ல் அப்போலோ பங்கு பெரும்பாலும் 400, 500 ரூபாய் வாக்கில் கைமாறியது. ஒரு பங்கை ஒரு பங்கோடு ஒப்பிட்டால் எம்ஆர்எஃப் பல நூறு மடங்கு அதிகம். ஆனால் கம்பெனியின் மொத்த மதிப்பைப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு மடங்குதான்.

ஒரு பலாப்பழத்தை நான்கு துண்டாக வெட்டினாலும் நானூறு துண்டாக வெட்டினாலும் பழம் அதேதான். துண்டின் விலை மட்டும்தான் மாறும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது. வோடஃபோன் ஐடியா பங்கு 2025-ல் 10 ரூபாய் அக்கம்பக்கத்தில்தான் இருந்தது. பார்க்க மலிவு. ஆனால் அந்தக் கம்பெனிக்கு 10,000 கோடிக்கும் மேற்பட்ட பங்குகள். பெருக்கிப் பார்த்தால் மொத்த மதிப்பு எம்ஆர்எஃப்பை எட்டிப் பிடிக்கிறது. இத்தனைக்கும் பல ஆண்டுகளாக நஷ்டக் கணக்கு காட்டிவந்த கம்பெனி அது. ‘8 ரூபாய்தானே, ஆயிரம் பங்கு வாங்கிப் போட்டா என்னைக்காவது 80 ஆகும்’ என்ற கணக்கு, துண்டின் அளவை மட்டும் பார்த்துப் பழத்துக்கு விலை சொல்வது போல.

2024 அக்டோபர் 29 அன்று எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பங்கு ஒரே நாளில் 3 ரூபாய் 53 காசிலிருந்து 2,36,250 ரூபாய்க்குப் போனது நினைவிருக்கலாம். வாட்ஸ்அப் முழுக்க ‘அன்னைக்கு நூறு ரூபாய்க்கு வாங்கியிருந்தா...’ என்று ஓடியது. அது மாயம் எதுவும் இல்லை. அந்தக் கம்பெனியின் கையில் ஆயிரக்கணக்கான கோடி மதிப்புள்ள ஏசியன் பெயின்ட்ஸ் பங்குகள் இருந்தன. மொத்தப் பங்குகளோ வெறும் 2 லட்சம். 3 ரூபாய் என்பது பழைய காகித விலை. அந்த விலைக்கு விற்க யாரும் தயாராக இல்லை என்பதால் வாங்கவும் வழியில்லை. விலை வரம்பு இல்லாத சிறப்பு ஏலத்தை நடத்தியபோதுதான் நிஜ விலை வெளியே வந்தது.

சரி, அரைப் பங்கு, கால் பங்கு வாங்க முடியுமா?

அமெரிக்காவில் முடியும். அங்கே பல செயலிகள் ஒரு டாலருக்குக்கூட ஒரு பங்கின் சிறு துணுக்கை விற்கின்றன. இந்தியாவில் பட்டியலிடப்பட்ட கம்பெனியின் பங்கில் நீங்கள் வாங்கக்கூடிய மிகக் குறைந்த அளவு முழுசாக ஒன்று. கம்பெனிகள் சட்டத்தை ஆராய்ந்த மத்திய அரசின் குழு ஒன்று, துணுக்குப் பங்குகளை அனுமதிக்கலாம் என்று 2022-ல் பரிந்துரைத்தது. 2025 முடியும் வரை அது நடைமுறைக்கு வரவில்லை. போனஸ் பங்கு, கம்பெனி இணைப்பு போன்ற நேரங்களில் கணக்குப்படி யாருக்காவது அரைப் பங்கு வந்தாலும், அதை விற்றுக் காசாகத்தான் கொடுப்பார்கள்.

கம்பெனிகளே மனசு வைத்துப் பங்கைப் பிரிப்பதும் உண்டு. சென்னையில் ராயல் என்ஃபீல்டு பைக் செய்யும் ஐஷர் மோட்டார்ஸ், 20,000 ரூபாயைத் தாண்டிப் போன தன் பங்கை 2020 ஆகஸ்டில் பத்தாகப் பிரித்தது. டிட்கோவும் டாடாவும் சேர்ந்து ஓசூரில் தொடங்கிய டைட்டன், 2011-ல் அதையே செய்தது. எம்ஆர்எஃப் இதுவரை செய்யவில்லை. உலகத்தில் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிற இன்னொரு பெரிய பெயர், வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே. அவர்களும் ‘ஏ’ வகைப் பங்கைப் பிரிக்கவே இல்லை. 1996-ல் சிறு முதலீட்டாளர்களுக்காகத் தனியாக ஒரு ‘பி’ வகைப் பங்கைக் கொண்டுவந்தார்கள். எம்ஆர்எஃப்பில் அந்த ஏற்பாடும் கிடையாது.

‘நம்ம ஊர் அரசு ரப்பர் கழகத்துல பங்கு வாங்கலாமா?’ என்று கேட்பவர்களுக்கு: கோதையாறு, மணலோடை, கீரிப்பாறை தோட்டங்களை நடத்தும் அந்தக் கழகம் தமிழக அரசின் நிறுவனம். பங்குச்சந்தையில் அது பட்டியலிடப்படவில்லை. யாராவது அதன் பெயரைச் சொல்லிப் பங்கு விற்க வந்தால், போலீசிடம் போவதுதான் சரி.

500 ரூபாய்க்கு வாங்கினால் எவ்வளவு பிடிப்பாங்க?

இதுதான் முக்கியமான கணக்கு. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

பங்கு வாங்கும்போது பிடிக்கும் காசு இரண்டு வகை. ஒன்று, சதவீதக் கணக்கில் வருவது. பங்குப் பரிவர்த்தனை வரி வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம். முத்திரைத்தாள் கட்டணம் வாங்கும்போது மட்டும் 0.015 சதவீதம். சந்தைக் கட்டணம் அதைவிடவும் சின்னது. 500 ரூபாய்ப் பங்குக்கு இதெல்லாம் சேர்த்தாலும் ஒரு தடவைக்கு ஒரு ரூபாய்கூட வராது. இதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

இரண்டாவது, தொகை எவ்வளவாக இருந்தாலும் ஒரே மாதிரி பிடிக்கிற நிலையான கட்டணம். தொல்லை கொடுப்பது இதுதான்.

ஓர் ஆர்டருக்கு 20 ரூபாய் புரோக்கரேஜ் வாங்கும் ஒரு புரோக்கரிடம் நீங்கள் 500 ரூபாய்க்கு ஒரு பங்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3 ரூபாய் 60 காசு. மொத்தம் 23 ரூபாய் 60 காசு. விற்கும்போதும் அதே 23 ரூபாய் 60 காசு. அதோடு, உங்கள் டீமேட் கணக்கிலிருந்து பங்கை வெளியே எடுப்பதற்கு ‘டிபி கட்டணம்’ என்று ஒன்று உண்டு. புரோக்கருக்குப் புரோக்கர் மாறினாலும் பல இடங்களில் இது 15 ரூபாய் சுமாருக்கு வரும். எல்லாவற்றையும் கூட்டினால் கிட்டத்தட்ட 63 ரூபாய்.

அதாவது, 500 ரூபாய்ப் பங்கு சுமார் 13 சதவீதம் ஏறினால்தான் உங்கள் அசலே கைக்கு வரும். லாபம் அதற்கு மேலேதான்.

அதே புரோக்கரிடம் அதே பங்கை 10,000 ரூபாய்க்கு வாங்கி விற்றால்? மொத்தச் செலவு சுமார் 84 ரூபாய். ஒரு சதவீதத்துக்கும் கீழே. பணம் பெரிதானால் வலி தெரியாது. சின்னத் தொகைக்காரர்தான் சதவீதக் கணக்கில் அதிகம் கட்டுகிறார்.

இங்கேதான் புரோக்கரைத் தேர்ந்தெடுப்பது பங்கைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியமாகிறது. வாங்கின பங்கை வீட்டுக்குக் கொண்டுபோவது போல டீமேட்டில் வைத்துக்கொள்வதை ‘டெலிவரி’ என்பார்கள். இந்த டெலிவரிக்குப் புரோக்கரேஜே வாங்காத நிறுவனங்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் அதே 500 ரூபாய்ப் பங்கை வாங்கி விற்க ஆகும் மொத்தச் செலவு 16 ரூபாய் சுமார். அதிலும் பெரும்பகுதி அந்த டிபி கட்டணம்தான்.

டிபி கட்டணத்தில் ஒரு சின்ன சூட்சுமம் இருக்கிறது. அது விற்கும்போது மட்டும்தான். வாங்கும்போது கிடையாது. அதுவும் ஒரு நாளில் ஒரு கம்பெனிக்கு ஒரு தடவைதான். ஒரு பங்கு விற்றாலும் நூறு விற்றாலும் அதே காசு. மாதம் 500 ரூபாய்க்கு ஒரே பங்கை 12 மாதம் வாங்கிச் சேர்த்து, ஒரே நாளில் மொத்தமாக விற்றால் 6,000 ரூபாய்க்கு 15 ரூபாய் போகும். அதே 6,000 ரூபாயில் 12 கம்பெனிகளில் ஒவ்வொரு பங்காக வாங்கி வைத்திருந்தால், எல்லாவற்றையும் விற்கும்போது 180 ரூபாய் போய்விடும். ‘எல்லா முட்டையையும் ஒரே கூடையில வைக்காதே’ என்று யூடியூபில் சொல்வதை 500 ரூபாய்க்காரர் அப்படியே கேட்டால், கூடைக்கே காசு செலவாகிவிடும்.

கணக்கு தொடங்கும்போதே காசு போகிற இடம்

பங்கு வாங்க டீமேட் கணக்கு வேண்டும். பான் கார்டு, ஆதார், ஆதாரோடு இணைந்த மொபைல் எண், வங்கிக் கணக்கு இருந்தால் வீட்டிலிருந்தே தொடங்கிவிடலாம். ஓடிபி வருவதற்குச் சிக்னல் வேண்டும் என்பதால், கோதையாறு பக்கம் இருப்பவர்கள் குலசேகரத்துக்கு இறங்கி வரும்போது முடித்துக்கொள்வது நல்லது.

பல புரோக்கர்கள் ‘தொடக்கக் கட்டணம் இலவசம்’ என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். சின்ன எழுத்தில் இருப்பது ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம். ஆண்டுக்கு 300 ரூபாய் என்றால், ஜிஎஸ்டியோடு 354. மாதம் 500 வீதம் போடுகிறவருக்கு ஆண்டுக்கு 6,000. அதில் 354 போனால் கிட்டத்தட்ட 6 சதவீதம். ஒரு நல்ல வங்கி வைப்புத்தொகை தருகிற வட்டி அளவுக்கு இங்கேயே கரைந்துவிடும்.

இதற்கு செபியே ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் பெயர் அடிப்படைச் சேவை டீமேட் கணக்கு. 2024 செப்டம்பர் 1 முதல், இந்த வகைக் கணக்கில் 4 லட்சம் ரூபாய் மதிப்பு வரை பங்கு வைத்திருந்தால் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் பூஜ்ஜியம். 4 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை ஆண்டுக்கு 100 ரூபாய். ஏற்கெனவே சாதாரண டீமேட் வைத்திருப்பவர்களும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

நிபந்தனை ஒன்று உண்டு: உங்கள் பெயரில் முதல் உரிமையாளராக ஒரே ஒரு டீமேட்தான் இருக்க வேண்டும். நண்பர் அனுப்பிய லிங்க்கில் ஒன்று, பரிசு கூப்பனுக்காக இன்னொன்று என்று இரண்டு மூன்று செயலிகளில் கணக்கு தொடங்கி வைத்தவர்களுக்கு இந்தச் சலுகை கிடைக்காது. பயன்படுத்தாத கணக்கை முதலில் மூடிவிடுங்கள்.

செயலியைத் திறந்ததும் பச்சை பட்டனை அழுத்துவதற்கு முன் ஒரு விஷயம். ‘டெலிவரி’, ‘இன்ட்ராடே’ என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். இன்ட்ராடே என்றால் அன்றைக்கே விற்றாக வேண்டும். நீங்கள் விற்காவிட்டாலும் சந்தை மூடும் முன் புரோக்கரே விற்றுவிடுவார், அதற்குத் தனிக் கட்டணமும் போடலாம். இன்ட்ராடேயில் இறங்கிய தனிநபர்களில் 10 பேரில் 7 பேர் 2022-23 நிதியாண்டில் நஷ்டப்பட்டார்கள் என்று செபியின் ஆய்வே சொல்கிறது. எஃப் அண்ட் ஓ எனப்படும் பக்கத்தில் நிலைமை இன்னும் மோசம்: 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் 93 சதவீதத் தனிநபர்களுக்கு நஷ்டம். ‘கால்வாசிப் பணத்துல முழுப் பங்கு வாங்குங்க’ என்று சில செயலிகள் காட்டுகிற வசதி சலுகை இல்லை, வட்டிக்குக் கடன்.

புதுப் பங்கு வெளியீடு, அதாவது ஐபிஓ, சின்னத் தொகைக்காரருக்கான இடம் இல்லை. தூத்துக்குடியின் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி 2022 செப்டம்பரில் பங்கு வெளியிட்டபோது, குறைந்தபட்சம் 28 பங்குகளுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கே 14,700 ரூபாய் தேவைப்பட்டது. பெரும்பாலான பெரிய வெளியீடுகளில் குறைந்தபட்சத் தொகை இந்த அளவில்தான் இருக்கும்.

டீமேட்டே இல்லாமல் 250 ரூபாயில்...

முழுப் பங்காகத்தான் வாங்க வேண்டும் என்ற விதி மியூச்சுவல் ஃபண்டுக்குக் கிடையாது. அங்கே உங்கள் பணத்துக்கு யூனிட்டுகள் ஒதுக்கப்படும், அது 3.417 என்று தசமப் புள்ளியிலும் வரலாம். அதனால்தான் 500 ரூபாயில் 50 கம்பெனிகளின் துளித்துளிப் பங்கு உங்களுக்குக் கிடைக்கிறது. டீமேட் கட்டாயம் இல்லை, டிபி கட்டணம் இல்லை, புரோக்கரேஜ் இல்லை.

2025 பிப்ரவரியில் எஸ்பிஐ மியூச்சுவல் ஃபண்ட் 250 ரூபாய் எஸ்ஐபி திட்டத்தை ‘ஜன்நிவேஷ்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. 100 ரூபாயில் தொடங்க அனுமதிக்கும் இண்டெக்ஸ் ஃபண்டுகளும் இருக்கின்றன. நிஃப்டி 50 குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்டை எடுத்தால் நாட்டின் 50 பெரிய கம்பெனிகள். எம்ஆர்எஃப்தான் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் ஏமாற வேண்டாம்: அது நிஃப்டி 50-ல் இல்லை, நடுத்தரக் கம்பெனிகளுக்கான நிஃப்டி மிட்கேப் 150-ல் இருந்துவருகிறது. அந்தக் குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டில் 100 ரூபாய் போட்டால், அதில் ஒரு சிறு துளி எம்ஆர்எஃப்புக்குப் போகும். ஆனால் மிட்கேப் ஏறும்போது வேகமாக ஏறும், இறங்கும்போதும் அதே வேகம்தான்.

இங்கேயும் செலவு உண்டு, கண்ணுக்குத் தெரியாது அவ்வளவுதான். ஃபண்டை நடத்துவதற்கான ஆண்டுச் செலவை அவர்களே உள்ளுக்குள் எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஃபண்டுக்கு ‘டைரக்ட்’, ‘ரெகுலர்’ என்று இரண்டு முகம் இருக்கும். ரெகுலரில் ஏஜெண்ட் கமிஷன் சேர்ந்திருக்கும். நீங்களே செயலியில் வாங்குவதாக இருந்தால் டைரக்ட் எடுங்கள். இண்டெக்ஸ் ஃபண்டில் டைரக்ட் செலவு 0.2 சதவீதம் என்றால், 10,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 20 ரூபாய். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: பதிவு செய்யப்பட்ட ஏலச்சீட்டில் நடத்துபவர் எடுக்கக்கூடிய கமிஷனின் உச்சவரம்பு 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 சதவீதம்.

டீமேட் இருப்பவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது, இடிஎஃப். பங்கு மாதிரியே சந்தையில் வாங்கலாம், ஆனால் உள்ளே இருப்பது குறியீடு முழுவதும். நாட்டின் முதல் இடிஎஃப் ஆன நிஃப்டி பீஸ் 2001 டிசம்பரில் வந்தது. 2025-ல் அதன் ஒரு யூனிட் 300 ரூபாய்க்குள் கிடைத்தது. வாங்கும்போது பரிவர்த்தனை வரி இல்லை. ஆனால் டிபி கட்டணம் இதற்கும் உண்டு.

ரப்பரை நம்பிப் பிழைக்கிறவர்கள் யோசிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. ரப்பர் விலை ஏறினால் தோட்டக்காரருக்கு நல்லது. டயர் கம்பெனிக்கு மூலப்பொருள் செலவு கூடும், லாபம் குறையும். விலை விழுந்தால் நேர்மாறு. கூலியும் ரப்பர், நிலமும் ரப்பர் என்று இருக்கிற வீட்டில் சேமிப்பையும் ரப்பர் சம்பந்தப்பட்ட ஒரே கம்பெனியில் கட்டிவைப்பதைவிட, ஐம்பது கம்பெனிகளில் பரவிக் கிடப்பது நிம்மதி.

மழையில் வேலை இல்லாத மாதம் எஸ்ஐபி என்ன ஆகும்?

மாதச் சம்பளக்காரருக்கு எழுதப்பட்ட ஆலோசனைகளில் இந்தக் கேள்வியே இருக்காது. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அடைமழை நாளில் பால்வெட்டு கிடையாது. ஆண்டின் தொடக்கத்தில் இலை உதிரும் காலத்திலும் மரத்துக்கு ஓய்வு. அந்த மாதங்களில் 5-ம் தேதி எஸ்ஐபி பணம் எடுக்க வரும்போது வங்கிக் கணக்கு காலியாக இருந்தால்?

ஃபண்ட் நிறுவனம் அபராதம் போடாது. வங்கி போடும். தானாகப் பணம் எடுக்கும் ஆணை திரும்பினால் பல வங்கிகள் 250, 500 ரூபாய் வரை பிடிக்கின்றன, கூடவே ஜிஎஸ்டி. 250 ரூபாய்த் தவணைக்கு 295 ரூபாய் அபராதம்! தொடர்ந்து மூன்று மாதம் திரும்பினால் எஸ்ஐபி ரத்தாகிவிடும், ஆனால் அதற்குள் கிட்டத்தட்ட 900 ரூபாய் போயிருக்கும்.

வருமானம் ஏறி இறங்குகிறவர்களுக்கு எஸ்ஐபி கட்டாயம் இல்லை. அதே ஃபண்டில், கையில் காசு இருக்கும்போது யுபிஐ வழியாக நீங்களே போடலாம். வேலை இல்லாத மாதம் விட்டுவிடலாம். எஸ்ஐபிதான் ஒழுக்கம் என்று விளம்பரம் சொல்லும். மழை மாதத்தில் கணக்கில் காசு இல்லாததற்கும் ஒழுக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஏற்கெனவே எஸ்ஐபி போட்டிருப்பவர்கள், மழைக்காலத்துக்கு முன் செயலியிலேயே அதை நிறுத்திவைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். பல ஃபண்டுகளில் இருக்கிறது.

விழுந்தால் எவ்வளவு விழும்?

2020 ஜனவரியில் நிஃப்டி 12,300 புள்ளிகளுக்கு மேல் இருந்தது. கொரோனா வந்து, மார்ச் 23 அன்று 7,610-ல் முடிந்தது. 10,000 ரூபாய் போட்டவருக்கு இரண்டே மாதத்தில் சுமார் 6,200 ரூபாய். அதே ஆண்டு நவம்பரில் குறியீடு பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் ஊரடங்கில் வேலை போய், அரிசி வாங்க அந்தப் பணத்தை ஏப்ரலிலேயே எடுத்தவருக்கு நவம்பர் வந்து என்ன பிரயோசனம்? பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு, ஆறு மாதத்தில் திருப்ப வேண்டிய நகைக்கடன், இதற்கெல்லாம் வேண்டிய பணம் பங்குக்குள் போகக் கூடாது. ஐந்து வருஷம் தொடாமல் இருக்க முடிகிற பணம் எவ்வளவோ, அதுதான் உங்கள் தொகை. அது மாதம் 200 ரூபாயாக இருந்தாலும் சரி.

வரியைப் பற்றிச் சின்னத் தொகைக்காரர் அதிகம் பயப்பட வேண்டியதில்லை. 2024 ஜூலை 23 முதல் உள்ள விதிப்படி, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் லாபம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம்.

‘மாசம் 10 சதவீதம்’ என்று யாராவது சொன்னால்...

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதுக் கதை இல்லை. கேரள எல்லையை ஒட்டிய மத்தம்பாலையில் நடந்துவந்த நிர்மல் கிருஷ்ணா நிதி நிறுவனம் 2017-ல் திடீரென மூடப்பட்டபோது, இரு மாநிலங்களையும் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. அன்றைக்குக் கட்டடமும் போர்டுமாவது இருந்தன. இன்றைக்கு மொபைலுக்குள்ளேயே வருகிறார்கள். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுவில் சேர்த்து, அசல் போலவே இருக்கும் போலிச் செயலியைக் கொடுத்து, திரையில் லாபம் ஏறுவதைக் காட்டி, எடுக்கப் போகும்போது ‘வரி கட்டினால்தான் பணம் வரும்’ என்று இன்னும் கேட்பார்கள்.

செயலியில் தெரிகிற லாபம் எதற்கும் சாட்சி இல்லை. நிஜமாகவே வாங்கின பங்கு புரோக்கரிடம்கூட இருக்காது. என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் என்ற டெபாசிட்டரியில் உங்கள் பான் எண்ணின் கீழ் இருக்கும். இந்தியாவில் இன்று வாங்கினால் அடுத்த வேலைநாளே பங்கு கணக்குக்கு வந்துவிடும். வாங்கிய மாதத்துக்கான கணக்கு அறிக்கையை அந்த டெபாசிட்டரியே உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பும். அதில் இல்லாத பங்கு உங்களிடம் இல்லை.

புரோக்கருக்கு செபி பதிவு எண் இருக்கிறதா என்று செபி தளத்தில் தேடிப் பார்க்கலாம். 2025 அக்டோபர் முதல், பதிவு பெற்ற நிறுவனங்கள் பணம் வாங்குவதற்கு ‘வேலிட்’ என்ற சொல் சேர்ந்த தனி யுபிஐ முகவரியை செபி கொடுத்திருக்கிறது. யாரோ ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 சைபர் உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். புரோக்கர் மீதே புகார் என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளம் இருக்கிறது. செபியின் இலவச உதவி எண் 1800 266 7575.

கணக்கு தொடங்கும்போது பலரும் ‘பிறகு பார்க்கலாம்’ என்று தாண்டிப் போகும் ஒரு பக்கம் நாமினி விவரம். அதை நிரப்பிவிட்டு, எந்தப் புரோக்கர், எந்த ஃபண்ட் என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். பேங்க் பாஸ்புக் மாதிரி அலமாரியில் கைக்குக் கிடைக்கிற தாள் எதுவும் இதில் இல்லை.